தெர்மாகோல் காடு வேண்டாம்: கைவேலை வழியே பிள்ளைகளுக்கு இயற்கைப் பாதுகாப்பைக் கற்பிப்பது எப்படி?

சித்தூர் ஆசிரியை (கேள்வி):
பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். இங்குள்ளோர் வாயனசாலை என்று அழைக்கும் ஊர் நூலகத்தில், சனிக்கிழமைதோறும் எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள இருபது பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித் தருகிறேன். சென்ற ஆண்டு ஒரு கண்காட்சிக்காக, காட்டைக் காப்பது பற்றி அவர்கள் செய்த மாதிரிக் காடு முழுவதும் தெர்மாகோலாலும் ஜிகினாத் தூளாலும் ஆனது. அதற்குப் பரிசும் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து அந்தக் காடு வாய்க்கால் ஓரத்தில் வெள்ளைத் துகள்களாக மிதந்ததைப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் பார்த்தேன். பொருளை வாங்கித் தந்தவள் நான் என்பதால் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. இந்த ஆண்டு எதில் தொடங்கலாம், என்ன பொருளைப் பயன்படுத்தலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பனங்காட்டான்:
டீச்சர், உங்கள் வட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை, அதிலிருந்தே தொடங்கலாம். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விடுமுறை வகுப்பு நடத்தியபோது, பிள்ளைகளிடம் ஓலைக் கீற்றுகளைக் கொடுத்துத் தூக்கணாங்குருவிக் கூடு பின்னச் சொன்னேன். எப்படிப் பின்னுவது என்று வேண்டுமென்றே சொல்லித் தரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் கையில் இருந்தது கூடு அல்ல, சிக்கல். பிறகு வரப்போரப் பனையடிக்கு அழைத்துச் சென்று சற்றுத் தள்ளி உட்கார வைத்தேன். தலையில் மஞ்சள் தொப்பி போட்டதுபோல் இருந்த ஆண் குருவி, ஓலையின் ஓரத்தை அலகால் வெட்டிப் பிடித்துக்கொண்டு பறக்க, நீளமான நார் கிழிந்து அதன் வாயோடு வந்தது. கூடு பாதி முடிந்து தலைகீழாகக் கவிழ்த்த தொப்பி போலத் தொங்கும்போதே பெண் குருவி வந்து பார்க்கும் என்பதையும், அதற்குப் பிடித்த பிறகுதான் ஆண் குருவி நீண்ட நுழைவாயிலைப் பின்னி முடிக்கும் என்பதையும் அங்கே சொன்னேன். அதுவரை வாய் திறக்காத ஒரு சிறுமி, "அதுக்கு விரல்கூட இல்லையே சார், வெறும் அலகுதானே?" என்று கேட்டாள். அன்றைய பாடம் அவ்வளவுதான். அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

கைவேலையை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து: முதலில் செய்து தோற்க வேண்டும், பிறகு போய்ப் பார்க்க வேண்டும், அதன்பின் மறுபடி செய்ய வேண்டும். முதலிலேயே படம் காட்டி, அளவு சொல்லி, வெட்டி ஒட்ட வைத்தால் கிடைப்பது அலங்காரப் பொருள்தான். நுங்கு வண்டி, ஓலைக் காத்தாடி, கிலுகிலுப்பை எல்லாம் அடுத்தடுத்த வாரங்களில் தாமாகவே வந்து சேரும்.

திண்ணைப் பாட்டி:
மகளே, ஓணம் வரும்போது பூக்களத்தை, அதாவது வாசலில் இடும் பூக்கோலத்தைக் கையில் எடு. இப்போது எல்லாரும் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் செண்டுமல்லியைக் கிலோக் கணக்கில் வாங்கிக் கொட்டுகிறார்கள். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது அத்தம் முதல் பத்து நாளும் தும்பைப் பூவும் முக்குற்றிப் பூவும் தேடி வரப்பு வரப்பாக அலைவோம். தும்பைப் பூ கடுகளவுதான் இருக்கும், ஒரு பிடி சேர்ப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். உன் பிள்ளைகளுக்கு ஒரே நிபந்தனை வை: கடைப் பூ கூடாது, ஒரு செடியில் பாதிக்கு மேல் பறிக்கக் கூடாது. எந்த வரப்பில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள் என்பதைப் பூக்கூடையே அவர்களுக்குச் சொல்லிவிடும்.

கூடலூர்க்காரன்:
மேலே சொன்னவை நன்று. ஆனாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பனங்காட்டான் ஐயா கூட்டைத் தள்ளி இருந்து பார்த்தார்; பலரோ கூட்டையே பறித்து வந்து வகுப்பில் தொங்கவிடுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ குலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. காலியான கூடு என்று நாம் நினைப்பதில் பின்னர் சில்லை என்னும் சிறு பறவைகள் வந்து தங்குவதும் உண்டு. அதேபோல், காய்ந்து தொங்கும் பனையோலைதானே என்று கண்ணை மூடிக்கொண்டு அறுக்க வேண்டாம். பனை உழவாரன் என்னும் சிறு பறவை தன் எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடு வைப்பது ஓலையின் அடிப்பக்கத்தில்தான். குருத்தோலை வேண்டுமென்றால் மரம் ஏறுபவரிடம் கேட்டு, அவர் தருவதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தயங்காமல் வெட்டக்கூடிய பொருள் ஒன்று இருக்கிறது, அது உண்ணிச்செடி. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் புல்லையும் பிற செடிகளையும் நெருக்கிக்கொண்டு படர்ந்திருக்கும் செடி அது. எங்கள் நீலகிரிப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் அதன் கொம்புகளைக் கொண்டு முழு உருவ யானைகளைச் செய்தார்கள். 2021ஆம் ஆண்டு அவை லண்டன் பூங்காக்கள்வரை சென்று நின்றன. தோலை உரித்து, வேகவைத்து வளைத்தால் பிள்ளைகள் சிறு கூடையோ முயலோ செய்யலாம். வெட்டுவதும் வேகவைப்பதும் பெரியவர்கள் வேலையாக இருக்கட்டும். விதையுள்ள காய்களை வழியில் சிந்தாமல் அங்கேயே விட்டுவிடுங்கள்.

சித்தூர் ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. வரும் சனிக்கிழமை படம் எதுவும் காட்டாமல் ஓலைக் கீற்றுகளோடு தொடங்குகிறேன். வண்ணத்துக்கு மஞ்சள், செம்மண், அடுப்புக்கரி என்று முடிவு செய்துவிட்டேன், பசைதான் பாக்கி. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடச் சொல்கிறார்களே, போடலாமா?

திண்ணைப் பாட்டி:
வேண்டவே வேண்டாம் மகளே, அது நஞ்சு. பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, இரவு முழுக்க ஊறவைத்து அரைத்துக் காய்ச்சு. அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சினால் பூச்சிக்கு நேரமே இருக்காது.