அறை வாடகை வரம்பைக் காட்டி மருந்துச் செலவையும் குறைக்கலாமா?

மல்லிகா:
என் தாயாருக்குத் தனியார் மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். அந்த வாடகையில் அறை காலியாக இல்லாததால் 8,000 ரூபாய் அறையில் தங்கினோம். வாடகை வித்தியாசத்தை நாங்கள் கட்டத் தயாராக இருந்தோம். ஆனால் காப்பீட்டு நிறுவனம் அறுவை சிகிச்சைக் கட்டணம், மருந்து, திசுப் பரிசோதனை என மொத்த பில்லிலும் 37.5 சதவீதத்தைக் கழித்துவிட்டது. இது முறைதானா? அடுத்துத் தொடங்கவிருக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் புற்றுநோய் ஊசிக்கும் இப்படித்தான் கழிப்பார்களா?

ராகவன்:
வாடகை வரம்பைத் தாண்டினால் மற்றக் கட்டணங்களிலும் அதே விகிதத்தில் கழிப்பதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இல் வகுத்த விதிப்படி மருந்து, ஒருமுறை பயன்படுத்தும் பொருட்கள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றின் செலவில் இக்கழிவைச் செய்யக் கூடாது. ஐசியூ கட்டணத்துக்கும் இது பொருந்தாது. எந்த அறையில் தங்கினாலும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனையாக இருந்தால், அறுவை சிகிச்சைக் கட்டணத்திலும் கை வைக்க முடியாது. ஆகவே கட்டணம் அறைக்கேற்ப மாறுமா என்று பில்லிங் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மல்லிகா:
நன்றி ஐயா. விசாரித்தேன். அறுவை சிகிச்சை நிபுணரின் கட்டணம் அறைக்கேற்ப மாறுமாம்.

ராகவன்:
அப்படியானால் அந்தக் கழிவை எதிர்ப்பது கடினம். மருந்துக்கும் திசுப் பரிசோதனைக்கும் கழித்ததை மட்டும் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால், நியாயமான கோரிக்கையும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

டாக்டர் நிர்மலா:
டிராஸ்டுசுமாப் மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஆய்வகத்தில் உருவாக்கும் எதிர்ப்புப் புரத மருந்து, வகையைச் சேர்ந்தது. இவ்வகை ஊசிகளைப் பாலிசியிலிருந்து முற்றிலும் விலக்கக் கூடாது என்று 2019-இலேயே விதி வந்துவிட்டது. எனினும் உள்வரம்பு, அதாவது அந்தச் சிகிச்சைக்கு மட்டும் தனி உச்சத்தொகை, வைக்க அனுமதி உண்டு. உண்மையில் அஞ்ச வேண்டியது அதற்குத்தான். பாலிசி அட்டவணையில் அந்தத் தொகையை இப்போதே பார்த்துவிடுங்கள். டே கேர் முறையில் காலையில் வந்து மாலையில் திரும்பும் சிகிச்சை என்பதால் அறை வாடகைப் பேச்சு பெரும்பாலும் எழாது. ஒவ்வொரு முறையும் கேஷ்லெஸ் விண்ணப்பத்துடன், இந்த மருந்து பொருந்துமா என்று காட்டும் ஹெர்2 பரிசோதனை அறிக்கையை இணைத்தால், இந்த மருந்து எதற்கு என்று கேட்டு இழுத்தடிக்க மாட்டார்கள்.

சுந்தரம்:
முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குக் கழிவு விவரத் தாளுடன் எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்மனிடம், முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் அதே விவகாரத்தை நுகர்வோர் ஆணையத்தில் தொடுத்திருந்தால் இங்கே ஏற்க மாட்டார்கள். எனவே அங்கே போகும் முன் யோசியுங்கள்.