பஃபேக்குத் தமிழில் ஒரு சொல்: தன்பரிமாறலா, எடுப்பா, விரிமேசையா?

ராமேஸ்வரத்திலிருந்து:

ஐயா, அண்ணன்மாரே, வணக்கம். இங்கே ஒரு தங்கும் விடுதிக்குப் பெயர்ப்பலகைகள் எழுதித் தருகிறேன். மேல்மாடியில் காலை பஃபே. இந்தியிலும் ஆங்கிலத்திலும் பலகை தயார். தமிழிலும் ‘பஃபே’ என்றே போட்டுவிடச் சொல்கிறார் மேலாளர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ‘தன்பரிமாறல் உணவு’ என்று யாரோ எழுதியதைப் பார்த்தேன். அது சரியா, வேறு சொல் உண்டா?

ராமநாதபுரத்திலிருந்து:

தம்பி, தன்பரிமாறல் வேண்டவே வேண்டாம். பரிமாற இரண்டு ஆள் வேண்டும். இலைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். தனக்குத் தானே பரிமாறுவது தன்னைத் தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்வது போல.

பஃபேக்குப் பெயராகப் போன வாரம் இங்கே பலர் எழுதிய மற்றச் சொற்களையும் பார்த்துவிடுவோம். ‘நின்றுண்ணல்’ கேலிக்குத்தான் ஆகும். கல்யாண மண்டபத்தில் நின்று சாப்பிடுகிறோம், உண்மை. உங்கள் விடுதியில் நாற்காலி மேசை போட்டிருப்பார்களே? ‘அளவில்லாச் சாப்பாடு’ என்றால், நம் மெஸ்ஸில் இலை போட்டு ‘இன்னும் சோறு வைக்கவா’ என்று கேட்கிறார்களே, அதுவும் அளவில்லாததுதான். பிரேசிலிலோ தட்டை எடை போட்டுக் காசு வாங்கும் பஃபே கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு கரண்டிக்கும் அளவுதான். ஆக, அளவு இதன் அடையாளம் இல்லை.

‘எடுப்புச் சாப்பாடு’ எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சொல்லே ஓசையோடு இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே குடியிருக்கும் வீடு. கேரியரில் வாங்கிப் போவதற்கு அந்தப் பெயரில் பலகை மாட்டிய மெஸ்கள் உண்டு. பெரியவர் ஒருவர் தூக்குச்சட்டியோடு உங்கள் மேல்மாடிக்கு ஏறி வந்துவிடுவார்.

‘பாத்தூண்’ குறளிலிருந்து வந்தது (227), பகுத்து உண்ணுதல். அழகான சொல், இடம் மாறி வந்திருக்கிறது. பஃபேயில் யாரும் யாருக்கும் பகுப்பதில்லை. அவரவர் தட்டு, அவரவர் கரண்டி. பாத்தூண் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் கீழக்கரை சகன் சாப்பாட்டைச் சொல்லலாம். ஒரே தாலத்தைச் சுற்றி மூணு நாலு பேர் உட்கார்ந்து, நடுவிலிருக்கும் கறியைப் பக்கத்து ஆள் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிடுவது.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? பிரெஞ்சுக்காரர்களுக்கு பஃபே என்பது முதலில் பாத்திரபண்டம் வைக்கும் மேசை அலமாரி. அதன்மேல் பரப்பிய உணவுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சுவீடனில் விருந்துக்கு முன்னால் சாராயத்தோடு நின்றபடி கொறிக்க ஒரு பக்கமேசை போடுவார்கள். அது வளர்ந்து ஸ்மோர்கோஸ்போர்ட் என்ற அவர்கள் ஊர் பஃபே ஆனது. அந்தச் சொல்லின் கடைசித் துண்டான ‘போர்ட்’ மேசைதான். 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் சுவீடன் அரங்கு இதை வைத்த பிறகு அமெரிக்காவில் பேர் பரவியது. 1940-களில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகள், ஆட்டக்காரர் வெளியே போய்விடாமல் இருக்க, மலிவு விலையில் நள்ளிரவு பஃபே போட்டன. ஜப்பான் கதை இன்னும் வேடிக்கை. 1958-இல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் இதைத் தொடங்கியபோது, வடக்கு ஐரோப்பியச் சாப்பாடு என்பதால் ‘வைக்கிங்’ என்று பெயர் வைத்தது. இன்றும் ஜப்பானியருக்கு பஃபே என்றால் ‘பைக்கிங்கு’. கடற்கொள்ளையர் பெயரில் காலை டிபன்! அந்தத் துணிச்சலும் நமக்குக் கொஞ்சம் வேண்டும்.

இதில் நான் கவனித்தது: பழைய பெயர்கள் சாப்பிடுகிற ஆளைச் சொல்லவில்லை, மேசையைச் சொல்கின்றன. கடை விரிப்பது நம்மிடம் பழகிய வழக்கு. ஆகவே என் சொல் விரிமேசை. காலை விரிமேசை, எடைக்கட்டண விரிமேசை, சைவ விரிமேசை என்று எந்த அடையும் முன்னால் வந்து நிற்கும்.

கீழக்கரையிலிருந்து:

அண்ணே, சகனைப் பற்றி எழுதியது சந்தோஷம். ஆனால் விரிமேசை என்றதும் எனக்குப் பந்தல் கடைக்காரர் லாரியிலிருந்து இறக்கும் மடக்கு மேசைதான் கண்ணில் வருகிறது. விரித்தால் விரிமேசை, மடக்கினால் மடக்கு மேசை!

இன்னொன்று. ‘விரிமேசை விருந்து’ என்று யாராவது நீட்டினால் தடுத்துவிடுங்கள். எங்கள் பக்கம் கல்யாணத்தில் பண்டாரி சமைப்பார், ஆனால் பேர் வாங்குவது வீட்டுக்காரர். சகனுக்குச் சகன் வந்து ‘இங்கே கறி வைங்க’ என்று அவர் குரல் கொடுக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்த பிள்ளைகள் இரவு வரவேற்புக்கு பஃபே கேட்கிறார்கள், போடுகிறோம். கூட்டம் சீக்கிரம் கலைகிறது, பரிமாற ஆள் தேட வேண்டாம், அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க யார் நாற்காலிக்குப் பின்னாலும் நிற்க வேண்டாம். வசதிதான். வீட்டுக்காரர் எங்கே நிற்பது என்றுதான் தெரிவதில்லை. மேடைப் பக்கம் போட்டோவுக்கு நின்றுவிடுகிறார். கவனிப்பு இல்லாததை விருந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து:

விருந்து விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி, தம்பி. விடுதிப் பலகையில் ‘விருந்து’ வேண்டாம். கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் நம்மைக் கேட்டா அடிக்கிறார்கள்?

மடக்கு மேசைக் குழப்பத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. பந்தல் கடையில் யாரும் ‘விரிமேசை நூறு அனுப்பு’ என்று கேட்பதில்லை, ‘ஃபோல்டிங் டேபிள்’ என்றுதான் கேட்கிறார்கள். காலியாக இருக்கும் சொல்லை நாம் எடுத்துக்கொள்ளலாம். ‘காலை விரிமேசை, 7 முதல் 10 வரை’ என்று பலகையில் நேரத்தோடு எழுதினால் யாரும் மேசை வாடகை விசாரிக்க மாட்டார்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து:

ஐயா, மேலாளரிடம் காட்டினேன். ‘விரிமேசை’யைப் பெரிதாகவும் அடியில் சின்னதாக ‘பஃபே’ என்றும் போடச் சம்மதித்தார். இங்கே இது பிடித்துப்போகக் காரணமே நேரம்தான். அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்தோடு திரும்புகிறவர்கள் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆறு மணிக்குப் போனவர் எட்டுக்கு வருவார், கூட்டம் இருந்தால் ஒன்பதரை. பந்தி வைத்தால் யாருக்காக வைப்பது? வடக்கேயிருந்து வருகிறவருக்குப் பூரியும் அவலும், நம்மவருக்கு இட்லி பொங்கல், எல்லாம் வரிசையாக மூடி வைத்திருக்கும்.

மூடி என்றதும் ஞாபகம் வந்தது. கீழே வெந்நீரும் அதற்கடியில் சின்னச் சுடரும் வைத்து, உணவை 60 டிகிரிக்குக் குறையாமல் காக்கும் அந்தச் ‘சேஃபிங் டிஷ்’ஷுக்கும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். சமையல்காரர் ‘சூட்டுப் பெட்டி’ என்கிறார். நான் ‘அனல்தட்டு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கீழக்கரை அண்ணே, உங்கள் பண்டாரிகள் இதை என்னவென்று சொல்கிறார்கள்?