துவரம்பருப்பு தீர்ந்தால் சாம்பார் நின்றுவிடாது

புதுச்சேரியிலிருந்து பாரிசுக்கு வந்து மூன்று மாதமான ஒரு தங்கை, பருப்பு தீர்ந்துவிட்டதால் ரொட்டியும் பாஸ்தாவுமாகவே நாள் ஓடுகிறது என்று எழுதியிருந்தார். படித்ததும் மனம் கேட்கவில்லை.

பாரிசின் லா ஷப்பேல் பக்கம் நம் கடைகளில் துவரை, உளுந்து, காராமணி, மொச்சை எல்லாம் கிடைக்கும். அங்கே போக முடியாத வாரங்களில், வீட்டருகே உள்ள சாதாரணக் கடையில் பாருங்கள். பெயர்தான் வேறு. 'லாந்தீய் கொராய்' என்பது உடைத்த மைசூர் பருப்பு. ஊறவைக்காமலேயே கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். சாம்பாருக்கு அதுவே போதும். 'ப்வா ஷீஷ்' கொண்டைக்கடலை. லு ப்வீ ஊரின் பச்சை லாந்தீய் வெந்தாலும் உருக்குலையாது. தேங்காய் துருவிப் போட்டுச் சுண்டல் செய்து பாருங்கள், அவ்வளவு அருமை.

காய்ந்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கிறது. நார்ச்சத்தும், கருவுற்ற பெண்களுக்கு அவசியமான ஃபோலேட் என்ற வைட்டமினும் உண்டு. புரதத்தின் கூறுகளில், அரிசியில் குறைவாக உள்ள லைசின் பயறில் நிறைய. பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. சிதம்பரம் பக்கம் நெல் அறுப்பதற்கு முன்பே ஈரம் காயாத வயலில் உளுந்து தெளிப்பார்கள். வயலில் சேர்ந்த அந்த ஜோடியைத் தட்டில் பிரிக்காதீர்கள். பயறிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 'அரிக்கோ ரூழ்' எனும் சிவப்பு ராஜ்மாவை, மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானையில் நேராகப் போடாதீர்கள். என் முதல் குளிர்காலத்தில் அப்படிச் செய்தேன். தோல் மினுமினுப்பாக, உள்ளே சற்றுக் கடினமாக இருந்ததை வெந்துவிட்டது என்று நம்பிச் சாப்பிட்டோம். இரவு முழுவதும் வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் குறைந்த சூட்டில் அழியாது. இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிறகு உங்கள் இஷ்டம். டப்பாவில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

பாரிஸ் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அதனால் கொண்டைக்கடலை வேக அடம்பிடித்தால் ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். புளியை மட்டும் பயறு நன்றாக வெந்த பிறகே ஊற்றுங்கள். முன்னால் ஊற்றினால் எத்தனை விசில் விட்டாலும் விறைத்தே நிற்கும்.