குளிர்காலத்திலும் சைக்கிளில் ஆபீஸ் போகிறேன், கூட வேலை செய்பவர்களின் பேச்சைச் சமாளிப்பது எப்படி? (டொராண்டோ)

குளிர்குருவி:

எல்லாருக்கும் வணக்கம். டயர், செயின் சந்தேகமெல்லாம் பிறகு கேட்கிறேன், இப்போது கேட்பது ஆபீஸ் ஆட்களைப் பற்றி.

நான் திருச்சிக்காரி. வீடு டான்ஃபோர்த்தில் மெயின் ஸ்ட்ரீட் பக்கம், ஆபீஸ் யூனிவர்சிட்டி அவென்யூவில். டான்ஃபோர்த், பாலம், ப்ளூர், அப்புறம் யூனிவர்சிட்டி என்று கிட்டத்தட்ட வழி முழுக்க சைக்கிள் லேன் இருக்கிறது, அதனால்தான் துணிந்தேன். கோடையில் போனபோது எல்லாரும் "நல்ல எக்சர்சைஸ்" என்று பாராட்டினார்கள். நவம்பரில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி ஐந்து மணிக்கே இருட்ட ஆரம்பித்ததும் அதே வாய்கள் வேறு மாதிரிப் பேசுகின்றன.

ஒருவர் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்களா?" என்பார். இங்கே குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் 90 நாளைக்கு லைசென்ஸ் போய்விடும், அதை வைத்துத்தான் இந்த ஜோக். முதல் தடவை நானும் சிரித்தேன். இன்னொருவர் "உன்னைப் பார்த்தாலே எனக்குக் குளிருது" என்பதோடு விட்டுவிடுவார், அவர் பரவாயில்லை. ஒரு தமிழ் அண்ணா இருக்கிறார், தினமும் அக்கறை: "ஏம்மா, டவுன் பேமென்ட்டுக்குக் காசு சேரலையா? என் மச்சான் டீலர்ஷிப்பில்தான் இருக்கான், சொல்லட்டுமா?" கூடவே "வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டாரா, இருட்டில் தனியாக விடுகிறாரே" என்றும். என் கணவருக்குக் காலையில் நான் எதில் போனேன் என்பதே தெரியாது, அவருக்கு நைட் ஷிஃப்ட்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். போன வாரம் மேனேஜர் எல்லார் முன்னாலும், "ஸ்னோ பெய்தால் உன்னை நம்பி எட்டரை மணி மீட்டிங் வைக்கலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சைக்கிளால் நான் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. தாமதமாக வருவது டான் வேலி பார்க்வே ஹைவேயில் காரில் மாட்டிக்கொண்டவர்களும் கோ ரயிலுக்குக் காத்திருந்தவர்களும்தான், அவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

பிரசங்கம் பண்ண எனக்குப் பிடிக்காது. சண்டையும் வேண்டாம். ஆனால் மார்ச் வரைக்கும் இதையே கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஸ்காபரோ சித்தப்பா:

பிள்ளை, உங்கட அந்தத் தமிழ் அண்ணாவைப் பற்றி மட்டும் நான் சொல்லுறன், வெள்ளைக்காரரின் பகிடிக்கு மற்றவர்கள் மருந்து சொல்வார்கள்.

அவர் யாழ்ப்பாணத்து ஆள் என்றால், என்ர வயதுக்காரர் என்றால், சைக்கிள் என்ற சாமானை அவர் பார்க்கிற விதமே வேறு. 1990க்குப் பிறகு எங்களுக்குப் பெற்றோல் தடை, கரண்டும் இல்லை. மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினோம், அதுவும் இருந்தவர்களுக்குத்தான். மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள்: விறகு, அரிசி மூட்டை, வருத்தக்காரர், பள்ளிக்கூடம், கலியாண வீடு. இரவில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோவைக் கொழுவி பிபிசி தமிழோசை கேட்டிருக்கிறோம். 95 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தை நாங்கள் கடந்ததும் வீட்டுச் சாமான் கட்டின சைக்கிளை உருட்டிக்கொண்டுதான்.

அப்படி வந்த சனம் இங்கே வந்து இரண்டு வேலை செய்து முதலில் வாங்கினது ஒரு பழைய கொரோலா. அது கார் மட்டுமில்லை, இனி அந்த வாழ்க்கைக்குத் திரும்ப மாட்டோம் என்ற உறுதி. இப்ப படிச்ச, நல்ல சம்பளம் எடுக்கிற ஒரு பிள்ளை ஸ்னோவுக்குள்ள சைக்கிளில் போனால் அவர்களுக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யும். காசு இல்லையோ என்று கேட்பது நக்கல் இல்லை, உண்மையாகவே கவலை. (மச்சானுக்கு ஒரு வியாபாரம் பார்க்கிற எண்ணமும் கொஞ்சம் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.)

என்ர யோசனை, ஒரு நாள் ரிம் ஹோர்ட்டன்ஸில் அவரோடு ஒரு கோப்பி குடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்கள் ஊரில் என்ன சைக்கிள் வைத்திருந்தீர்கள், ரலியா லுமாலாவா?" என்று கேளுங்கள். பிறகு அவர்தான் கதைப்பார், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அதுக்குப் பிறகு டீலர்ஷிப் கதை வராது என்று நினைக்கிறன். வீட்டுக்காரர் விடுகிறாரா என்ற கேள்விக்கு மட்டும் முகத்துக்கு நேரே "அது எங்கட வீட்டு விசயம்" என்று சொல்லுங்கோ, அதுக்கு இரக்கம் பார்க்கத் தேவையில்லை.

மொன்றியால் மிதிகட்டை:

நான் மொன்றியாலில் டிசம்பரிலும் ஓடுகிறவன். இங்கே பேச்சு குறைவு, காரணம் நாங்கள் தைரியசாலிகள் என்பதல்ல, லேன்களை ஒழுங்காகத் துப்புரவாக்குகிறார்கள், 2023இல் இருந்து பிக்சி வாடகைச் சைக்கிளும் குளிர்காலத்தில் ஓடுகிறது. டை கட்டினவர், பாட்டி, மாணவர் எல்லாரும் போவதைப் பார்த்தால் பிறகு ஒருத்தரைப் பிடித்து என்ன கேட்கிறது? உங்கள் ஆபீஸில் நீங்கள் தனி ஆள், அதுதான் பிரச்சினை. சும்மா தனித்துத் தெரிகிற எதையும் மனிதர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், மரக்கறி சாப்பிடுகிறவரை விருந்தில் துளைக்கிற மாதிரி.

லிஃப்ட் ஆளுக்குப் பதில்: "லைசென்ஸ் இருக்கு, வேணுமென்றால் பாருங்கள்" என்று ஒரு நாள் உண்மையாகவே பர்ஸைத் திறந்து காட்டுங்கள். முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும், ஆனால் அடுத்த வசனம் ஒன்றும் பேசக் கூடாது. லிஃப்டில் அந்த அமைதி தாங்க முடியாதது, ஜோக் அன்றோடு செத்துவிடும். "குளிரவில்லையா?" என்பவர்களுக்கு "முதல் ஐந்து நிமிஷம் குளிரும், பிறகு வியர்க்கும்" என்ற உண்மையே போதும், அதுக்கு மேலே உடுப்பு அடுக்குகளைப் பற்றி விளக்கினால் நீங்கள்தான் ஆபீஸ் சைக்கிள் சாமியார்.

ஆனால் மேனேஜர் கேட்டதை ஜோக்காக எடுக்காதீர்கள். பதவி உயர்வு நேரத்தில் "அவள் கொஞ்சம் நம்ப முடியாத ஆள்" என்று யாருக்கோ ஒரு மங்கலான நினைவு வரும், எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. தனியாகப் பிடித்து, அல்லது இரண்டு வரி ஈமெயிலில், "பனிப்புயல் எச்சரிக்கை வந்தால் சப்வேயில் வருகிறேன், எட்டரை மீட்டிங்குக்கு என்னை எப்போதும் போல எண்ணலாம்" என்று சொல்லிவிடுங்கள். தற்காப்பு வேண்டாம், குற்றச்சாட்டு வேண்டாம், டான் வேலி பார்க்வே கணக்கும் வேண்டாம். எழுத்தில் இருப்பது நல்லது.

பார்க்வே பாவி:

கார் ஓட்டுகிற ஒருத்தனும் பேசட்டுமா? அடிக்க வராதீர்கள்.

எங்கள் ஆபீஸிலும் ஒரு சைக்கிள் தம்பி இருக்கிறான், நல்ல பையன். ஆனால் அவன் பூட்ஸில் இருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக் கார்ப்பெட்டில் வெள்ளைக் கறை, ஈரக் கையுறை ஹீட்டர் மேல், பதினொரு மணி வரைக்கும் அந்த வாசனை. யாரும் நேரே சொல்வதில்லை, அதற்குப் பதிலாக "இந்தக் குளிரில் ஏன்பா" என்கிறார்கள். ஆகவே தங்கச்சி, உங்கள் மேசைக்குக் கீழே ஒரு பூட்ஸ் டிரே, மாற்றுச் செருப்பு, மாற்றுச் சட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேச்சு அதோடு நின்றாலும் நிற்கும்.

அப்புறம் பயம். எனக்கு உண்மையிலேயே பயம்தான். ஜனவரி சாயங்காலம், கண்ணாடியில் உப்புப் படலம், வைப்பர் வரைந்த கோடுகள், எதிரே வெளிச்சம், அதில் கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒருவர் லைட் இல்லாமல் வருகிறார். சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு வேண்டும் என்பது ஒண்டாரியோ சட்டம், எத்தனை பேர் மதிக்கிறார்கள்? கார்க்காரனும் ஒரு மீட்டர் தள்ளித்தான் முந்த வேண்டும், அது 2015இல் இருந்து சட்டம், அதையும் எத்தனை பேர் மதிக்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் "பத்திரமாகப் போ" என்று ஒருவர் சொன்னால் எல்லாம் குத்தல் என்று எடுக்காதீர்கள். ஒரு பிணத்தைத் தன் பம்பரில் சுமக்க யாருக்கும் ஆசையில்லை.

இன்னொன்று. "உங்க லேனால்தான் டிராஃபிக்" என்று யாராவது ஆரம்பித்தால் அந்த விவாதத்துக்குள் போகாதீர்கள். 2024 நவம்பரில் மாகாண அரசு 212ஆம் மசோதாவை நிறைவேற்றி ப்ளூர், யங், யூனிவர்சிட்டி லேன்களை எடுக்கப்போகிறோம் என்றதும், 2025 ஜூலையில் நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு முரண் என்றதும் உங்களுக்கே தெரியும். லேனை எடுத்தால் நெரிசல் குறையும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று நீதிபதி எழுதினார், கார்க்காரனான எனக்கே அதைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. ஆனால் மைக்ரோவேவ் பக்கத்தில் தீர்ப்பை ஒப்பித்து யாரும் யாரையும் மாற்றியதில்லை.

ஒஸ்லோக்காரி:

ஒஸ்லோவில் பிள்ளைகளைச் சைக்கிள் இருக்கையில் வைத்து நர்சரிக்குக் கொண்டுபோகிற அம்மாக்களை ஜனவரியிலும் பார்க்கலாம், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஃபின்லாந்தின் ஊலு இன்னும் வடக்கே, அங்கே மைனஸ் 17இல் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற சைக்கிள் கூட்டத்தின் படம் இணையத்தில் சுற்றியது. 2013இல் குளிர்கால சைக்கிள் மாநாட்டை முதன்முதலில் நடத்தினதும் அந்த ஊர்தான். அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்து ஆபீஸில் ஒட்டுங்கள் என்று சொல்லவில்லை! அப்படி ஒட்டினால் அடுத்த நாளே உங்களை வெறுப்பார்கள். நீங்கள் பைத்தியமில்லை என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பார்க்வே பாவி சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடு. மறுபாதிக்கு இல்லை. காரில் வருகிறவரின் பூட்ஸிலும் உப்புத்தான் இருக்கிறது, பார்க்கிங்கில் இருந்து நடந்து வருகிறார்தானே. சைக்கிள்காரரின் தண்ணீர் மட்டும் கண்ணுக்குத் தெரிவது ஏன்? பெண் என்றால் இன்னும் ஒரு கூடுதல் தண்டனை: தலைமுடி ஹெல்மெட்டில் நசுங்கினது, மூக்கு சிவந்தது எல்லாம் கருத்துச் சொல்லத் தகுந்த விஷயமாகிவிடும். நான் வேலைக்கு வந்ததும் முதலில் கழிவறைக்குப் போய்ப் பத்து நிமிஷம் செலவழிப்பேன், அதன் பிறகுதான் மற்றவர் கண்ணில் படுவேன். சரியா தப்பா என்று தெரியாது, ஆனால் வேலை செய்கிறது.

மேனேஜர் விஷயத்தில் மொன்றியால்காரர் சொன்னதுதான் சரி. எழுதி அனுப்புங்கள்.

குளிர்குருவி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

சித்தப்பா, அந்த அண்ணா பருத்தித்துறைக்காரர். நான் தமிழ்நாட்டுப் பிள்ளை என்பதால் எனக்கு இந்தப் பக்கம் தோன்றவே இல்லை, எங்கள் ஊரில் சைக்கிள் என்றால் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது, அவ்வளவுதான். கேட்டேன். லுமாலா. அரை மணி நேரம் போனது, மீட்டிங்குக்கு நாங்கள் இரண்டு பேருமே தாமதம் (சைக்கிளால் இல்லை). மச்சானின் கார்டு மட்டும் கடைசியில் கைக்கு வந்துவிட்டது.

மேனேஜருக்கு எழுதிவிட்டேன். "தேங்க்ஸ், குட் டு நோ" என்று மட்டும் பதில். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பூட்ஸ் டிரே வாங்கிவிட்டேன். பார்க்வே பாவி அண்ணா, லைட் இரண்டு இருக்கிறது, ஜாக்கெட் கறுப்பு இல்லை.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். சாயங்காலம் திடீரென்று கொட்ட ஆரம்பித்தால் சைக்கிளைச் சப்வேயில் ஏற்றலாமா? ஆணி டயர் போட்டால் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? பாலத்தில் காற்று வேறு பக்கவாட்டில் தள்ளுகிறது.

மொன்றியால் மிதிகட்டை:

மேனேஜர் பதிலை அப்படியே விடுங்கள், வேண்டியது அவர் இன்பாக்ஸில் இருக்கிறது.

சப்வே: டிடிசியில் (டொராண்டோ பொதுப் போக்குவரத்து) வேலை நாட்களில் காலை 6:30 முதல் 10 வரை, மாலை 3:30 முதல் 7 வரை சைக்கிள் ஏற்ற முடியாது. ஆகவே கொட்டினால் சைக்கிளை ஆபீஸ் பார்க்கிங்கில் பூட்டிவிட்டு நீங்கள் மட்டும் இரண்டாம் லைனில் போங்கள். அதே பாலத்தின் கீழ்த்தட்டில்தான் ரயில் ஓடுகிறது, காற்று இருக்காது. 2025 பிப்ரவரியில் சில நாட்களுக்குள் அரை மீட்டருக்கு மேல் கொட்டி லேன் எல்லாம் மூடிக் கிடந்ததே, அந்த மாதிரி வாரத்தில் ஒருத்தருக்கும் வீரம் காட்டத் தேவையில்லை. காற்றோடு சேர்த்து மைனஸ் 28க்குக் கீழே என்றாலும் அப்படித்தான், மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறைய ஆரம்பிக்கும் என்பது வானிலைத் துறையின் எச்சரிக்கை.

ஆணி டயர்: புது ஸ்னோவுக்குப் பெரிதாக உதவாது, பகலில் உருகி ராத்திரி உறைகிற ஐஸுக்குத்தான் அது, டொராண்டோவில் உங்களுக்கு அதுதான் அதிகம். டங்ஸ்டன் கார்பைடு ஆணி உள்ளதை வாங்குங்கள், சாதா இரும்பு ஆணி தார் ரோட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன் சக்கரத்துக்கு. முன்னால் வழுக்கினால் விழுவீர்கள், பின்னால் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

ஒஸ்லோக்காரி:

போட்டதும் முதல் 40 கிலோமீட்டர் அளவுக்குத் தார் ரோட்டில் மெதுவாக ஓட்டுங்கள், சடாரென்று பிரேக் வேண்டாம், அப்போதுதான் ஆணி குழிக்குள் இறுகி உட்காரும். ஐஸ் நாளில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், ஆனால் டயர் பக்கத்தில் போட்டிருக்கிற குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக வேண்டாம். கடகடவென்று சத்தம் வரும். ஆபீஸ் லாபிக்குள் உருட்டிக்கொண்டு போனால் அதற்கும் யாராவது ஏதாவது சொல்வார்கள், வெளியிலேயே பூட்டுங்கள்.