தங்க ஸ்ப்ரே கேன் பாதியிலேயே அடைத்துக்கொள்கிறது, காவடி வேலை நிற்கிறது

ஜெலுத்தோங் தம்பி:
வணக்கம். அண்ணன் இந்தத் தைப்பூசத்துக்குத் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்கு மயில் காவடி எடுக்கிறார், வீட்டு வாசலிலேயே கட்டிக்கொண்டிருக்கிறோம். அலுமினியச் சட்டத்துக்குத் தங்க நிறம் அடிக்க ஆறு கேன் வாங்கினேன். முதல் கேன் அருமையாக வந்தது, இரவு பத்து மணிக்கு மூடி வைத்துவிட்டு மறுநாள் வேலை முடிந்து வந்து அழுத்தினால் புஸ் என்றுகூட வரவில்லை. இரண்டாவது கேன் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டியைத் துப்பியது, முந்தின நாள் அடித்த வளைவு முழுக்கப் பாழ். குண்டூசியால் நாசிலை, அதாவது மேலே அழுத்தும் முனையை, குத்திப் பார்த்தேன், இப்போது ஒரு பக்கமாகப் பீய்ச்சுகிறது. குலுக்கினால் உள்ளே நிறைய பெயிண்ட் இருப்பது தெரிகிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை. இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

செந்தூல் பட்டறை:
தம்பி, முதலில் அந்த ஊசியைக் கீழே வை. நாசிலின் துளை அளவாகப் போட்டது, குத்தினால் அகன்றுவிடும், அப்புறம் அது ஒழுங்காக விசிறி அடிக்காது. குத்திய நாசிலை மறந்துவிடு. மற்றதை முகத்துக்கு எதிரே வைக்காமல் நேராக மேலே இழு, கழன்று வரும். ஒரு கண்ணாடி போத்தலில் பெயிண்டைக் கரைக்கும் லேக்கர் தின்னர் கொஞ்சம் ஊற்றி அதில் போட்டு இருபது நிமிஷம் விடு. இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்வார்கள், நான் செய்ய மாட்டேன், சில பிளாஸ்டிக் தின்னரில் உப்பிப்போய்த் திரும்பக் கேனில் உட்காராது. ஊறியபிறகு டபிள்யூடி-40 என்கிற துரு இளக்கும் ஸ்ப்ரே கேனோடு வரும் சின்னக் குழாயை நாசிலின் அடித்துளையில் வைத்து ஒரு அழுத்து அழுத்து. முன்னால் முதலில் கலங்கலாக வரும், பிறகு தெளிவாக வரும், அதுதான் கணக்கு. துடைத்துக் காயவைத்து மாட்டு.

அதன் பிறகும் வரவில்லை என்றால் நன்றாக வேலை செய்கிற இன்னொரு நாசிலை அந்தக் கேனில் மாட்டிப் பார். அப்படியும் வராவிட்டால் அடைப்பு வால்வுக்குள் இருக்கிறது. அங்கே ஊசி, கம்பி எதுவும் விடாதே. உள்ளே இருப்பது அழுத்தத்தில் இருக்கிற, தீப்பற்றும் கேஸ், கண்ணில் பீய்ச்சினால் தாங்காது. அந்தக் கேனை விட்டுவிடு.

மயில்தோகை அக்கா, பட்டர்வொர்த்:
பட்டறைக்காரர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் தம்பி, உங்கள் இரண்டாவது கேனின் பிரச்சினை நாசிலில் தொடங்கவில்லை என்று நினைக்கிறேன், குலுக்கியது போதவில்லை. தங்கம், வெள்ளி நிறங்களில் இருப்பது உலோகத் துகள், சும்மா வைத்தால் கேனின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருக்கிறது, முதலில் அந்தச் சேற்றைத்தான் இழுக்கும். பெயிண்டைக் கலக்க உள்ளே போட்டிருக்கும் குண்டு கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்த பிறகு தங்கத்துக்கு நான் இரண்டு நிமிஷம் முழுக்கக் குலுக்குவேன். கை வலிக்கும், ஆனாலும் குலுக்குங்கள். அடிக்கும்போதும் நடுநடுவே நிறுத்திக் குலுக்க வேண்டும்.

முதல் கேன் காய்ந்துபோனதற்குக் காரணம் வேறு. வேலை முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்துப் பழைய அட்டையில் இரண்டு மூன்று விநாடி அழுத்த வேண்டும். குழாயின் வாய் அப்போது பெயிண்டுக்கு மேலே வந்துவிடும், வெறும் கேஸ் மட்டும் போய் நாசிலைக் கழுவிவிடும். அட்டையில் நிறம் விழாத வரைதான், அதற்கு மேல் ஒரு விநாடியும் வேண்டாம். கால்வாசி மட்டும் மிச்சமிருக்கும் கேனில் அதிகம் அழுத்தினால் கேஸ் தீர்ந்து பெயிண்ட் உள்ளேயே கிடக்கும். கடைசியில் நாசில் முகத்தைத் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். பத்து நிமிஷம் நிறுத்தினாலும் நான் இதைச் செய்வேன்.

இன்னொன்று, வாசலில் அடிப்பதாகச் சொன்னீர்கள். சாமி விளக்கும் ஊதுபத்தியும் எரியும்போது அடிக்கவே கூடாது, தின்னரையும் அங்கே வைக்காதீர்கள். மயிலுக்குப் பொலிஸ்டைரீன், அந்த வெள்ளை நுரைப் பலகை, பயன்படுத்துவதாக இருந்தால் இந்த ஸ்ப்ரேயை நேரடியாக அடிக்காதீர்கள், கண் முன்னாலேயே கரைந்து குழி விழும்.

ஜெலுத்தோங் தம்பி:
மிக்க நன்றி அண்ணே, அக்கா. ஒரு சந்தேகம், கேன் சில்லென்று ஆகி வேகம் குறைந்துவிடுகிறது, சுடுதண்ணீரில் வைக்கலாமா?

செந்தூல் பட்டறை:
சுடுதண்ணீர் வேண்டாம். தொடர்ந்து அடித்தால் கேஸ் ஆவியாகிக் கேன் குளிர்ந்து அழுத்தம் இறங்கும், அவ்வளவுதான். கேனை மாற்றி மாற்றி அடி, குளிர்ந்தது தானாகச் சரியாகும். அவசரமென்றால் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கேனிலேயே 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று போட்டிருக்கும்.

ஜெலுத்தோங் தம்பி:
இன்று மாலை செய்து பார்த்தேன். முதல் கேன் நாசில் தின்னரில் ஊறியதும் சுற்றிலும் தங்கப் பொடி புகை மாதிரி பிரிந்தது, மாட்டியதும் புதுசு மாதிரி அடிக்கிறது. குத்திய நாசிலுக்குப் பதில் தீர்ந்துபோன நிறமில்லாத கிளியர் ஸ்ப்ரே கேனின் நாசிலைப் போட்டேன், பொருந்தியது. பாழான வளைவைத் தேய்த்துவிட்டேன், நாளை அடிக்கிறேன்.