கொழிஞ்சாம்பாறைக் குடும்பக் குழு: அம்பயர் பஞ்சாயத்து

வாளையார் மாமா: பாப்பாவின் சாஃப்ட்பால் மேட்ச் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். வயிறு எரிகிறது! இரண்டாவது பேஸிலிருந்து (பேஸ் என்றால் ஓடித் தொட வேண்டிய இடம்) மூன்றாவதுக்கு நேராகத்தான் ஓடினாள். இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பெண் குறுக்கே வந்து, இரண்டு பேரும் மோதி விழுந்தார்கள். அவுட் யாருக்கு? நம் பாப்பாவுக்கு. அம்பயர் சேட்டனிடம் கேட்டால் "இன்டர்ஃபியரன்ஸ்" என்று ஒரே வார்த்தை.

சித்தி: முழங்கை சிராய்த்திருக்கிறது. மருந்து போட்டிருக்கிறேன்.

நான்: மாமா, அந்தப் பெண் சும்மா நின்றாளா, உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்தாளா?

மாமா: எடுக்கத்தான் குனிந்தாள். அதற்காக? பாப்பா வேண்டுமென்றா இடித்தாள்?

நான்: அதைப் பார்க்கவே மாட்டார்கள். பேட்டில் பட்டு வந்த பந்தை எடுக்கப் போகிறவளுக்குத்தான் வழி. ரன்னர்தான் சுற்றிப் போக வேண்டும். இடிக்கக்கூட வேண்டாம், இவளால் அவள் தடைபட்டுப் பந்தை விட்டாலே அவுட். அதுதான் இன்டர்ஃபியரன்ஸ்.

மாமா: கிரிக்கெட்டில் இப்படி இல்லையே.

நான்: அங்கே வேண்டுமென்றே மறித்தால்தான் அவுட். இங்கேயும் ஃபீல்டர் எறிந்த பந்து என்றால் கிட்டத்தட்ட அதே கணக்கு: ஓடும்போது தற்செயலாக முதுகில் பட்டால் ஒன்றுமில்லை, கையை நீட்டித் தட்டிவிட்டால் அவுட். முதல் பேஸுக்கு ஓடுகிற பேட்டருக்கு மட்டும் கடைசிப் பாதி தூரத்தில் ஓட 3 அடி அகலப் பாதை தனி.

பாப்பா: அக்கா, மூன்றாவது பேஸில் இருந்தவள் கடைசி பேஸான ஹோமைத் தொட்டாள். அந்த ரன்னும் போச்சு.

நான்: மோதிய பிறகா தொட்டாள்?

பாப்பா: ஆமாம் 😞

நான்: அப்போ கிடைக்காது. இன்டர்ஃபியரன்ஸ் என்றதுமே டெட் பால், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அவள் மூன்றாவதுக்கே திரும்ப வேண்டும். பந்தை அடித்தவளுக்கு முதல் பேஸ். டபுள் பிளேயை (ஒரே பந்தில் இரண்டு அவுட்) கெடுத்ததாக அம்பயர் நினைத்திருந்தால் இன்னொரு அவுட்டும் விழுந்திருக்கும்.

மாமா: சரி, அதை விடு. முந்தைய இன்னிங்ஸில் இரண்டாவது பேஸ்காரி கையில் பந்தே இல்லாமல் வழியில் நின்றாள். பாப்பா தடுமாறினாள். அந்த அம்பயர் இடது கையை நீட்டிக்கொண்டு பேசாமல் நின்றார்!

நான்: அது அப்ஸ்ட்ரக்‌ஷன், மாமா. தப்பு ஃபீல்டர் மேல். இடது கை அதற்கான சைகைதான். இதற்கு ஆட்டத்தை உடனே நிறுத்த மாட்டார். அவள் மறிக்காவிட்டால் ரன்னர் எந்த பேஸ் வரை போயிருப்பாள் என்று பார்த்து, பிறகு கொடுப்பார்.

பாப்பா: கொடுத்தாரே! மூன்றாவது பேஸ். மாமா அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

மாமா: டீ இல்லை, கடலை.

சித்தி: கடலையோடு வந்து வேலி ஓரமாக நின்று அம்பயரைத் திட்டியது நீங்கள். கோச் முறைத்தது என்னை.

மாமா: இன்னும் ஒன்றே ஒன்று. அடித்த பந்து ரன்னர் காலில் பட்டால்?

நான்: பேஸை விட்டு வெளியே இருந்து, பந்து இன்ஃபீல்டரை (பேஸ்கள் பக்கம் நிற்கும் ஃபீல்டர்) தாண்டும் முன் பட்டால் அவுட். பேஸ் மேல் கால் இருந்து, வேண்டுமென்றே தடுக்கவில்லை என்றால் தப்பித்தாள்.

மாமா: நாளைக்கு நான் அம்பயருக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன்.

சித்தி: வேண்டவே வேண்டாம் 🙏