கலைச்சொல் உதவி: எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் (வெள்ளிக்குள் வேண்டும்)

கிள்ளான், செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம். இங்கே ஒரு கார் பட்டறைக்காரர் வாடிக்கையாளர்களுக்காகக் கையேடு போடுகிறார். மலாய் முடிந்தது, தமிழ் என் தலையில். வருவதெல்லாம் பழைய ஜப்பானிய டர்போ வண்டிகள்: ஸ்கைலைன், இம்ப்ரெசா, எவல்யூஷன். "எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் எதை வாங்குவது" என்ற அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் யாரோ செய்த வரைவில், என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போசார்ஜர் "சுழல் மின்னேற்றி", அது ஏற்றும் அழுத்தமான பூஸ்ட் "ஊக்கம்". மின்னேற்றி என்றால் கைப்பேசிக்குச் செருகுவது. "ஊக்கக் கட்டுப்படுத்தி" என்று படித்ததும் என் பழைய மேலாளர்தான் நினைவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கைகொடுங்கள்.

மதுரை, புதன் காலை

அம்மா, நம் கொல்லன் துருத்தியை எல்லாரும் மறந்துவிட்டீர்களே! காற்றை நெருப்புக்குள் திணிப்பதுதானே டர்போவின் வேலை? குறுந்தொகை 172ஐ எடுத்துப் பாருங்கள். "ஏழூர்ப் பொதுவினைக்கு ஓரூர் யாத்த உலைவாங்கு மிதிதோல்." ஏழு ஊருக்கும் ஒரே உலை, ஓயாமல் மிதிபடும் தோல் துருத்தி. அதைப்போல என் நெஞ்சு "தலைவரம்பு அறியாது" வருந்துகிறது என்கிறாள் தலைவி. தலைவரம்பு! உங்கள் கருவி செய்வதும் டர்போவுக்குத் தலைவரம்பு இடுவதுதானே. எனவே டர்போ துருத்தி, பூஸ்ட் துருத்தம், கன்ட்ரோலர் துருத்தியாளி. ஆள்வது ஆளி. துருத்துதல் என்றால் வெளியே தள்ளுதல். ஆற்றின் நடுவே மேடாகத் தள்ளிக்கொண்டு நிற்கும் நிலத்துக்கும் துருத்தி என்றே பெயர். குத்தாலத்தின் பழம்பெயர் திருத்துருத்தி. இதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம், புதன் மதியம்

ஐயா, பாட்டு நல்லது. ஆனால் எங்கள் பாடப்புத்தகங்களில் ஆளி என்றால் ஸ்விட்ச். சுவரில் இருப்பது மின்னாளி. துருத்தியாளி என்று அச்சடித்தால் இங்கே உள்ளவர் அதைப் போடவும் நூர்க்கவும் பொத்தான் தேடுவார்.

கோவை, புதன் இரவு

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்கு முன்னால் வேலையைப் பார்ப்போம்.

என்ஜின் புகை டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் இருக்கும் கம்பிரஸர் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. புகை டர்பைனைத் தொடாமல் ஒதுங்கிப் போக ஒரு கதவு உண்டு, அதுதான் வேஸ்ட்கேட். அதை ஒரு ஸ்பிரிங் மூடி வைத்திருக்கும். ஒரு சின்ன டியூப் வழியாக வரும் காற்றழுத்தம் ஸ்பிரிங்கை மிஞ்சினால் டயாஃபிரம் என்ற சவ்வு தள்ளிக் கதவு திறக்கும். டர்போ அதற்கு மேல் வேகமெடுக்காது. பூஸ்ட் கன்ட்ரோலர் அந்த டியூபின் நடுவில் உட்கார்ந்து ஒரு பொய் சொல்கிறது. மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வால் அழுத்தத்தில் கொஞ்சத்தை வழியிலேயே வெளியே விட்டு, "இன்னும் ஏறவில்லை, மூடியே இரு" என்று கதவை நம்ப வைக்கிறது.

ஆகவே மதுரை ஐயா மன்னிக்க வேண்டும். தலைவரம்பு இடுவது ஸ்பிரிங். கன்ட்ரோலர் பெட்டி அந்த வரம்பை மேலே நகர்த்துகிறது. ஸ்பிரிங் இடம் கொடுக்கும் அழுத்தம் 0.7 பார் என்றால், வழக்கமாக மாட்டும் முறையில் எந்தப் பெட்டியாலும் அதற்குக் கீழே இறக்க முடியாது. வாங்க வருகிறவனுக்கு முதலில் புரிய வேண்டியதே இதுதான்.

பூஸ்டுக்கு என் ஓட்டு "மிகையழுத்தம்". வெளிக்காற்றே ஏறத்தாழ 1 பார். மீட்டரில் 1 பார் பூஸ்ட் என்றால் உள்ளே மொத்தம் 2. வெளிக்காற்றுக்கு மேல் மிகுந்த பங்கை மட்டும்தான் மீட்டர் காட்டுகிறது. சொல்லிலேயே கணக்கு இருக்கிறது, மாணவனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

சென்னை, வியாழன் காலை

மருத்துவ மொழிபெயர்ப்பு செய்கிறவள் நான். மிகையழுத்தம் என்றால் என் கண்ணுக்கு இரத்த அழுத்த மாத்திரைதான் தெரிகிறது. "ஊதழுத்தம்" எப்படி? ஊது + அழுத்தம், வினைத்தொகை, குற்றியலுகரம் கெட்டுச் சரியாகப் புணர்கிறது. சின்ன சொல்.

கோவை, வியாழன் காலை

ஊதழுத்தம் என்றால் எங்கள் பையன்கள் ராத்திரியில் போலீஸ் ஊதச் சொல்வதைத்தான் நினைப்பார்கள்.

மதுரை, வியாழன் மதியம்

மிகை என்றால் வேண்டாதது, அளவு கடந்தது. குற்றம் என்றும் பொருள் உண்டு. விலை கொடுத்து வாங்கும் பொருளுக்கு அந்தப் பெயரா?

சென்னை, வியாழன் மதியம்

ஐயா, உங்களுக்கு நான் குறள் சொல்வதா? 504: "குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்." அங்கே மிகை என்பது மிகுந்திருப்பது மட்டும்தான், குற்றம் பக்கத்திலேயே தனியாக நிற்கிறது. சரி, என் ஊதழுத்தத்தை நானே கீழே போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

கிள்ளான், வியாழன் மாலை

நன்றி, நன்றி. ஆனால் பட்டறைக்காரரிடம் "மிகையழுத்தக் கட்டுப்படுத்தி" என்று படித்துக் காட்டினேன். "இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வண்டி கிளம்பிடும்மா" என்றார். ஓப்பன் லூப், குளோஸ்டு லூப் வேறு இருக்கிறது. வரைவில் "திறந்த வளையம், மூடிய வளையம்". வளையல் கடை மாதிரி இருக்கிறது.

கோவை, வியாழன் இரவு

வளையம் வேண்டாம். குளோஸ்டு லூப் "பார்த்துத் திருத்துவது", ஓப்பன் லூப் "பார்க்காமல் விடுவது". கலைச்சொல்லே தேவையில்லை. இந்த வித்தியாசத்துக்கு நான் ஒரு பிஸ்டன் விலை கொடுத்தவன். வெயிலில் 1.1 பார் வருகிற மாதிரி வால்வின் திறப்பு விகிதத்தை வைத்துவிட்டு வந்தேன். பெட்டி அழுத்தத்தைப் பார்க்காத வகை. மார்கழி விடியலில் அதே விகிதத்துக்கு 1.3 ஏறிற்று, குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம். பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் விளிம்பு, அதாவது ரிங் லேண்ட், உடைந்தது. மாட்டித் தந்தவர், "நீங்கதான் சார் வேகமா ஓட்டிட்டீங்க" என்றார்.

கையேட்டில் இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்: சென்சாரால் அழுத்தத்தைப் பார்த்துத் தானே திருத்துகிற பெட்டி, எல்லை தாண்டினால் பூஸ்டை அறுத்துவிடுகிற வசதி. சோலினாய்டா, எச்கேஎஸ் நிறுவனத்தின் இவிசி பெட்டி மாதிரி படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டாரா என்பது இரண்டாம் கேள்வி. வண்டியின் ஈசியூவே, அதாவது என்ஜினை ஆளும் கணினியே, பூஸ்டையும் ஆள்கிறது என்றால் தனிப் பெட்டியே வேண்டாம். இரண்டு பேர் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்த கதையாகிவிடும்.

இன்னொன்று. 1982 மாடல் சாப் 900 டர்போ காரில் வந்த ஏபிசி என்ற பூஸ்ட் கட்டுப்பாட்டு அமைப்பு, சோலினாய்டால் பூஸ்டை ஆண்டது எதற்கு? மட்டமான பெட்ரோல் போட்டு என்ஜின் தட்டினால், அதை நாக் சென்சார் கேட்டு, அழுத்தத்தைக் குறைக்க. அதனால்தான் "கூட்டி" என்று யாராவது முன்மொழிந்தால் எதிர்ப்பேன். கட்டுப்படுத்தியே இருக்கட்டும்.

யாழ்ப்பாணம், வியாழன் இரவு

கோவை அண்ணை, வேஸ்ட்கேட்டை விட்டுவிட்டீர்களே. குளம் நிரம்பினால் நாங்கள் வான்கதவு திறப்போம். இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறந்தாச்சு என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். மிஞ்சியதை ஒதுக்கி விடுகிற கதவு, அணையைக் காப்பது. அப்படியே பொருந்துகிறது.

மதுரை, வியாழன் இரவு

கலிங்கு இருக்கும்போது வான்கதவு எதற்கு?

யாழ்ப்பாணம், வியாழன் இரவு

கலிங்குக்குக் கதவு இல்லையே ஐயா. நிரம்பினால் தானாக வழியும். வேஸ்ட்கேட் திறந்து மூடுகிறது.

கோவை, வியாழன் நள்ளிரவு

இது சரியான அடி. ஆனால் இந்தப் பக்கத்துப் பையன் வான்கதவு என்றால் சொர்க்கவாசல் என்று நினைப்பான். நான் "ஒதுக்குக் கதவு" பக்கம்.

கிள்ளான், வெள்ளி காலை

அனுப்பிவிட்டேன். பூஸ்ட் "மிகையழுத்தம்", கோவை சொன்னதைச் சென்னையும் ஒத்துக்கொண்டதால். கன்ட்ரோலர் முதல் முறை "மிகையழுத்தக் கட்டுப்படுத்தி", அப்புறம் வெறும் "கட்டுப்படுத்தி". வேஸ்ட்கேட்டுக்கு முடிவு வராததால் வேஸ்ட்கேட் என்றே விட்டேன். அட்டையில் பட்டறைக்காரர் "பூஸ்ட்" என்று பெரிதாகப் போட்டுவிட்டார், என்னைக் கேட்கவில்லை.

மதுரை, வெள்ளி மதியம்

பூஸ்ட் என்றால் என் பேரன் பாலில் கலந்து குடிப்பது. துருத்தம் என்ற என் சொல் நிலுவையில் இருப்பதாகவே பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். திருத்துருத்தி மடல் நாளை.

யாழ்ப்பாணம், வெள்ளி இரவு

இரண்டாம் பதிப்பு எப்ப? வான்கதவைப் பற்றி இன்னும் கதைக்க வேண்டியிருக்கிறது.